ஆறு வயதில் நகர மன்ற உறுப்பினர்

பண்டைய ரோமானிய நகரமான பொம்பெய்யில், எகிப்தியப் பெண்தெய்வம் ஐசிஸின் கோயில் வாசலுக்கு மேல் ஒரு கல்வெட்டு இருந்தது. நிலநடுக்கத்தில் இடிந்த கோயிலை நுமேரியஸ் பொபிடியஸ் செல்சினஸ் தன் சொந்தச் செலவில் அடித்தளத்திலிருந்து எழுப்பித் தந்தான் என்றும், அதற்காக நகர மன்றத்தார் கட்டணம் எதுவும் வாங்காமல் அவனைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் அது சொல்கிறது. செல்சினஸுக்கு அப்போது ஆறு வயது.

பணம் அப்பா அம்ப்ளியாட்டஸுடையது. அவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்பது ஆய்வாளர்களின் முடிவு. முறைப்படி விடுதலையானவருக்குக் குடியுரிமை உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம். பதவிக்கு மட்டும் வர முடியாது. விடுதலைக்குப் பின் பிறந்த பிள்ளைக்கோ அந்தத் தடை இல்லை. அதனால்தான் செலவு அப்பாவுடையதாக இருந்தும், கல்லில் மகன் பெயர் ஏறியது. ரோமானியர்களிடையே அடிமட்டத்திலிருந்து மேலே வருவது பெரும்பாலும் இரண்டு தலைமுறை வேலை.

முதல் படியிலேயே பலருக்குச் சறுக்கியது. கி.பி. 4ஆம் ஆண்டுச் சட்டப்படி, முழு விடுதலைக்கு அடிமைக்கு 30 வயதும் எஜமானருக்கு 20 வயதும் ஆகியிருக்க வேண்டும். அதிகாரி முன்னிலையிலோ உயில் வழியாகவோ அது நடக்க வேண்டும். அடிமையின் விலையில் 5 விழுக்காடு வரியும் கட்ட வேண்டும். நண்பர்கள் நடுவில் ‘இனி நீ அடிமையில்லை’ என்று எஜமானர் வாயால் சொல்லி அனுப்பினால் கிடைப்பது அரை விடுதலைதான். இதற்கு ஜூனியன் லத்தீன் நிலை என்று பெயர். அந்த நிலையில் இருப்பவர் உயிரோடு உள்ளவரை சுதந்திரமானவர். அவரால் உயில் எழுத முடியாது. இறந்ததும் சொத்து முழுவதும் பழைய எஜமானருக்குப் போய்விடும். வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்ததில் பிள்ளைக்கு ஒரு காசும் மிஞ்சாது என்றால், இரண்டாம் தலைமுறை எதை வைத்து ஏறும்? ரோமானியச் சட்டத்தில் இதைவிடக் கொடிய கண்ணி குறைவு.

அதிலிருந்து வெளியேறச் சில வழிகளும் இருந்தன. அவற்றைப் பார்த்தாலே ரோம் நகரம் எதற்காகத் தவித்தது என்பது புரியும். நகரத் தீயணைப்புப் படையில் 6 ஆண்டு வேலை பார்த்தால் குடியுரிமை. பேரரசர் கிளாடியஸ் காலத்தில், குறைந்தது 10,000 மோடியஸ் (ரோமானியத் தானிய அளவு), அதாவது 65 டன்னுக்கு மேல் கோதுமை கொள்ளும் கப்பல் கட்டி 6 ஆண்டுகள் ரோமுக்குத் தானியம் கொண்டுவந்தாலும் கிடைத்தது. பேரரசர் டிராஜன் காலத்தில், ரோமில் ஆலை வைத்து நாளுக்கு 100 மோடியஸ் வீதம் 3 ஆண்டுகள் அரைத்துத் தந்தவருக்கும் உண்டு.

கப்பலும் ஆலையும் இல்லாதவருக்குக் குடும்பம்தான் வழி. 7 குடிமக்களைச் சாட்சி வைத்துத் திருமணம் செய்து, பிறந்த குழந்தைக்கு ஒரு வயது ஆனதை நிரூபிக்க வேண்டும். பொம்பெய்க்கு அருகிலிருந்த ஹெர்குலேனியம் நகரில் கிடைத்த மெழுகுப் பலகைகளில் இப்படி ஒரு முழு வழக்கே இருக்கிறது. லூசியஸ் வெனிடியஸ் எனிகஸ் என்பவர் கி.பி. 60இல் தனக்கு மகள் பிறந்ததைப் பதிவு செய்கிறார். 62இல் உள்ளூர் மன்றம் ஆமோதிக்க, ரோமிலிருந்த பிரீட்டர் என்ற நீதி அதிகாரி அவரைக் குடிமகனாக அறிவிக்கிறார். 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோதும் அந்தப் பலகைகள் ஒரு வீட்டில் பத்திரமாகத்தான் இருந்தன.

அதற்கு மேல் சொத்துக் கணக்கு. செனட் உறுப்பினராக 10 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) வேண்டும், அதற்கு அடுத்த குதிரை வீரர் வகுப்புக்கு 4 லட்சம். முதல் நூற்றாண்டில் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ் என்பதோடு வைத்துப் பாருங்கள். கோமோ ஊரைச் சேர்ந்த எழுத்தாளரும் செனட் உறுப்பினருமான இளைய பிளினி தன் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் இதைக் கணக்கோடு காட்டுகிறது: ‘நீ நம் ஊர் மன்ற உறுப்பினன் என்பதாலேயே உன்னிடம் 1 லட்சம் இருப்பது தெரியும், மீதி 3 லட்சத்தை நான் தருகிறேன்’ என்பது அதன் சாரம். ஆதரவாளர் கை கொடுக்காமல் இந்த இடைவெளியைத் தாண்டியவர்கள் சிலரே.

அப்படி உச்சிவரை ஏறிய ஒருவர் பெர்டினாக்ஸ். அவர் விடுதலை பெற்ற அடிமையின் மகன். இலக்கணம் கற்பித்துப் பிழைத்தவர், பிறகு ஆதரவாளர்களின் பரிந்துரையோடு படைப்பிரிவுத் தலைவரானார். பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் அவரை செனட்டில் அமர்த்தினார். 193 ஜனவரி 1 அன்று அவரே பேரரசர். அவர் கொண்டுவந்த கட்டுப்பாடுகளால் கொதித்த காவல் படையினர் மார்ச் 28 அன்று அரண்மனைக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள்.