கடலில் பிரமிடு ஏன் தலைகீழாக நிற்கிறது?

பள்ளிப் புத்தகத்தில் உயிர்த்திரள் பிரமிடு, அதாவது ஒவ்வொரு படியிலும் உள்ள உயிர்களின் மொத்த எடையைக் காட்டும் பிரமிடு என்று ஒரு படம் வரும். அடியில் தாவரங்கள், அதற்கு மேல் தாவர உண்ணிகள், உச்சியில் வேட்டையாடும் விலங்குகள். பக்கத்திலேயே கடலுக்கென்று இன்னொரு பிரமிடு, கவிழ்ந்து நிற்கும். ‘சாப்பாடு குறைவாகவும் சாப்பிடுகிறவர்கள் அதிகமாகவும் இருந்தால் சீக்கிரமே எல்லாம் தீர்ந்துபோகாதா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. சூழலியலில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

தெரிந்த விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடலாம். சூரிய ஒளியைத் தாவரம் உணவாக்குகிறது. தாவரத்தை ஒன்று தின்கிறது, அதை இன்னொன்று தின்கிறது. தின்றதில் பெரும்பகுதி சுவாசத்தில் எரிந்து வெப்பமாகப் போய்விடும்; கழிவாகவும் கொஞ்சம் போகும். சுமார் பத்தில் ஒரு பங்குதான் உடலாக மாறும். 1942இல் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமன் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு இது. ஆனால் பத்து என்பது வெறும் சராசரி. அவர் ஆராய்ந்த ஏரியில் ஒரு படியில் 13.3 விழுக்காடும் அடுத்த படியில் 22.3 விழுக்காடும் வந்தன. செத்தவற்றைச் சிதைப்போர் பிரித்துப்போட, சத்துகள் மண்ணுக்கும் நீருக்கும் திரும்புகின்றன. வெப்பம் திரும்புவதில்லை. அதனால் ஆற்றல் பிரமிடு எந்தக் கடலிலும் கவிழாது. கவிழ்வது எடைக் கணக்கு மட்டும்தான்.

அந்த எடையை, உடலில் உள்ள கார்பனின் கணக்கில் பார்ப்போம். 2018இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, கடலில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் சுமார் 100 கோடி டன் கார்பன் இருக்கிறது. அவற்றை நம்பி வாழும் மற்ற உயிர்களில் 500 கோடி டன். நிலத்தில் தாவரங்கள் மட்டுமே சுமார் 45,000 கோடி டன்.

இப்போது ஆண்டு உற்பத்தியைப் பாருங்கள். நிலத் தாவரங்கள் ஏறத்தாழ 5,600 கோடி டன் கார்பனை உடலாக்குகின்றன. கடலில் அது 5,000 கோடி டன்னை நெருங்குகிறது! எடையில் சுமார் நானூற்றைம்பதில் ஒரு பங்கே உள்ள கூட்டம், விளைச்சலில் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் கிட்டத்தட்ட ஈடு கொடுக்கிறது. ஊற்றுள்ள கிணற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான் நிற்கும், நாள் முழுக்க இறைத்தாலும் வற்றாது. இருப்பு வேறு, சுரக்கும் வேகம் வேறு. 100 கோடி டன் இருப்பு ஆண்டுக்கு 5,000 கோடி டன்னைத் தருகிறதென்றால், அந்த இருப்பு சராசரியாக வாரம் ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. நிலத்தில் அதே காரியத்துக்கு எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

எப்படி இவ்வளவு வேகம்? புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிரை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமான கடல்களில் நிறைந்து கிடக்கிறது. ஆனால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவு என்பதால், 1980களில்தான் கண்ணில் பட்டது. பகலில் ஒளியைப் பிடித்து வளரும். பொழுது சாய்ந்ததும் இரண்டாகப் பிரியத் தொடங்கும். பிறந்ததில் ஏறக்குறைய பாதியை இன்னும் கொஞ்சம் பெரிய நுண்ணுயிர்கள் விழுங்கிவிடும். மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தால் நேற்றைய கணக்கேதான் இருக்கும். இதற்குத் தண்டு கிடையாது, வேர் கிடையாது. மரமோ தன் சம்பாத்தியத்தில் பெரும்பகுதியை எளிதில் செரிக்காத கட்டையாக மாற்றிப் பல பத்தாண்டுகள் சேமித்து வைக்கிறது. நிலத்தின் எடை அப்படித்தான் ஏறுகிறது. புரோகுளோரோகாக்கஸ் போன்ற மிதவை உயிரிகளிடம் சேமிப்பே கிடையாது. உடல் முழுக்கத் தின்னத் தகுந்தது.

தின்கிற பக்கத்தில் நடப்பது நேர் எதிர். மீன் பல ஆண்டுகள் வாழ்கிறது, திமிங்கிலம் பல பத்தாண்டுகள். உடல் பெருக்கப் பெருக்க, ஒரு கிராம் சதையைக் காப்பாற்றத் தேவைப்படும் ஆற்றலும் குறையும். உடலியலாளர் மேக்ஸ் கிளைபர் 1932இலேயே காட்டிய விஷயம் இது. ஆக, கீழே வேகமாகப் புரளும் சிறிய இருப்பு, மேலே மெதுவாகக் கரையும் பெரிய இருப்பு. பிரமிடு கவிழ்ந்துவிட்டது.

அப்புறம், எத்தனை படிகள் என்பதும் முக்கியம். குளிர்ந்த தென்கடலில் டயட்டம் என்ற பாசியை இறால் போன்ற கிரில் தின்கிறது, கிரிலை நீலத் திமிங்கிலம் தின்கிறது. இரண்டே படி; படிக்குப் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், 1,00,000 பங்கில் 1,000 பங்கு திமிங்கிலத்துக்கு வந்து சேரும். வெப்பக் கடலின் நடுவில் தொடக்க உயிரே மிகச் சிறியது. நுண்ணுயிர், அதைத் தின்னும் இன்னொரு நுண்ணுயிர், துடுப்புக்காலி என்ற மிகச் சிறிய ஓட்டுயிரி, சிறுமீன் என்று ஏறி நான்காவது படியில் சூரை மீன் வரும்போது கையில் இருப்பது 10 பங்குதான்.

மிதவை உயிரிகள் கார்பனை உடலாக்கும் வேகத்தை அளப்பதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. டென்மார்க்கின் ஆய்வாளர் ஸ்டீமன் நீல்சன் 1952இல் வெளியிட்டது. கடல்நீரைப் பாட்டிலில் பிடித்து, கதிரியக்கக் கார்பன் கலந்த உப்பை மிகச் சிறிதளவு சேர்த்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து நீரை வடிகட்டினால், தாளில் தங்கும் உயிர்களில் எவ்வளவு கதிரியக்கம் ஏறியிருக்கிறது என்பதிலிருந்து அவை எவ்வளவு கார்பனை உடலாக்கின என்று தெரிந்துவிடும்.

செயற்கைக்கோள் கடலின் நிறத்தைப் பார்த்துச் சொல்வது பச்சையத்தின் இருப்பை. வேகத்தை அது கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பைச் சரிபார்க்க இந்தப் பாட்டில்கள் வேண்டும். ஹவாய்க்கு வடக்கே ஒரே இடத்துக்கு 1988 முதல் ஏறத்தாழ மாதம் ஒருமுறை கப்பல் போய் இதை அளந்து வருகிறது. புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் பணம், இப்படித் திரும்பத் திரும்ப அளக்கும் வேலைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாரம் ஒருமுறை புரளும் ஒன்றில் மெல்ல ஏற்படும் மாற்றத்தைப் பிடிக்க, முப்பது நாற்பது ஆண்டுத் தொடர் அளவீடு இல்லாமல் முடியாது.