ஜெனீவாவுக்குக் கடிதம் எழுதமுதல்

போன மாதம் முல்லைத்தீவு முத்தையன்கட்டிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தா. சொப்பிங் பைக்குள் குடும்ப அட்டை, அரச காணிக்கு அப்பா பெற்ற, மை மங்கிய பேர்மிட். தாய் முந்தியே போய்விட்டா. தகப்பன் 2023இல், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் எழுதாமலே இறந்தவர். பிள்ளைகளில் இவதான் மூத்தவ. "தம்பி இருக்கேக்க உங்களுக்கு எப்படி?" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். தம்பி பிரான்சில்.

"எழுத்தில தந்தவையோ?"

"இல்லை மிஸ். நீங்கள் ஜெனீவாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ."

இந்த வருசம் இது எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஜெனீவா ஒரு பெரிய கோடு (நீதிமன்றம்), அங்கே எழுதினால் இங்கே ஆடும் என்ற நினைப்பு மார்ச் மாதச் செய்திகளால் வந்தது. மார்ச்சில் கூடுவது மனித உரிமைப் பேரவை, அதாவது நாடுகளின் சபை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயமான சீடோ அதிலிருந்து வேறு. இலங்கை 1981இல் அதை ஏற்றது. அதன் நிபுணர் குழு இடைக்கிடை அரசைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். 2025 பெப்ரவரியிலும் கேட்டது. தனியாள் முறைப்பாட்டுக்கும் 2002இல் அரசு சம்மதித்தது. ஆனால் உள்நாட்டுக் கதவுகளைத் தட்டி முடித்த பிறகுதான் அது. இங்குள்ள கோட்டில் சமவாயத்தை மட்டும் நீட்டியும் வெல்ல முடியாது, உள்நாட்டுச் சட்டம் வேண்டும். அது வந்த வேகத்தைப் பாருங்கள்: 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஆண்பிள்ளைக்குக் கொடுத்த முன்னுரிமை 2022இல்தான் எடுபட்டது. சமவாயத்தை ஏற்று நாற்பத்தொரு வருசம்! சில மேசைகளுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

தயவுசெய்து, வாயால் சொன்ன பதிலோடு வீட்டுக்குப் போகாதீர்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். குத்த மாட்டோம் என்றால் பதிவுத் தபால். அந்தத் துண்டைத் தொலைத்துவிட்டு என்னிடம் அழாதீர்கள். பதிலே இல்லையா? 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள், 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு இருப்பது ஒரே ஒரு மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது; வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது. வயலில் அருவி வெட்டு முடியட்டும் என்று இருந்துவிட்டு வந்தால் நான் என்ன செய்வது?

சீடோ குழுவுக்குப் பெண்கள் அமைப்புகள் நிழல் அறிக்கை, அதாவது அரசின் அறிக்கைக்குப் புறம்பாகத் தங்கள் அறிக்கை, கொடுக்கும். அதில் சேர்க்கவும் இந்தத் துண்டுகள்தான் வேண்டும்.

அக்காவை இரண்டு பிரதியோடு அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பினேன். முத்திரை குத்திய பிரதி நேற்று வந்தது. ஜெனீவாக் கடிதம் எப்ப என்று இன்னும் கேட்கிறா.