மாவட்டமா, வட்டாரமா?

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பா போன வாரம் போனில் கேட்டார்: "ஏன்டா, அமெரிக்காவுலயும் மாவட்டம் பிரிக்கிறாங்களா?" கைப்பேசியில் ஏதோ செய்தி படித்திருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தெரு 'கலாச்சார மாவட்டமாக நியமிக்கப்பட்டது' என்று அதில் இருந்ததாம். "ஒரு தெருவுக்கே மாவட்டம் குடுக்கிறான். நாம எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கோம்!"

கும்பகோணத்துக்காரர்களிடம் மாவட்டம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து மாவட்டங்கள் புதிதாக வந்தன. அடுத்த வருஷம் பக்கத்திலிருக்கும் மயிலாடுதுறைக்கும் கிடைத்துவிட்டது. கும்பகோணம் மட்டும் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. சித்தப்பா கிண்டலாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இந்தக் 'கலாச்சார மாவட்டம்' ஒரு மாதத்துக்குள் நாலாவது முறையாக என் கண்ணில் படுகிறது.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நகரத்தின் சில தெருக்களில் நாடகக் கொட்டகைகள், ஓவியக் கூடங்கள், இசை அரங்குகள், கலைஞர்களின் பட்டறைகள் எல்லாம் நெருக்கமாக இருக்கும். அல்லது ஒரு சமூகம் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருந்து, தன் பேச்சாலும் சாப்பாட்டாலும் திருவிழாவாலும் அந்த இடத்தைத் தன் ஊராகவே ஆக்கி வைத்திருக்கும். அந்தத் தெருக்களுக்கு ஓர் எல்லை போட்டு, 'இது இன்ன பெயருள்ள கல்ச்சுரல் டிஸ்டிரிக்ட்' என்று அரசு அறிவிக்கிறது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2001இல் இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது. டெக்சஸ் 2005இல் சட்டம் போட்டது. கலிபோர்னியா 2015இல் சட்டம் போட்டு, 2017இல் முதல் 14 இடங்களை அறிவித்தது. மேரிலாந்தில் அந்த எல்லைக்குள் பழைய கட்டடத்தைக் கலைக்காகப் புதுப்பித்தால் சொத்து வரியில் சலுகை உண்டு. அங்கேயே படைத்து அங்கேயே விற்கும் கலைஞருக்கு வருமான வரியிலும், அரங்குகளுக்குக் கேளிக்கை வரியிலும் சலுகை உண்டு. மற்ற மாநிலங்களில் சலுகைகள் வேறு மாதிரி. சில இடங்களில் பெயரும் பெயர்ப்பலகையும் விளம்பரமும்தான்.

இனி சொல்லுக்கு வருவோம். டிஸ்டிரிக்ட் என்பதன் மூலம் லத்தீன். இறுக்கிப் பிடிப்பது, கட்டாயப்படுத்துவது என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பிரபு எந்த எல்லை வரைக்கும் ஆள் அனுப்பி ஜப்தி செய்யலாமோ அதுதான் அவருடைய டிஸ்டிரிக்ட். இந்தியாவில் வெள்ளைக்காரன் கலெக்டரை உட்கார வைத்து நிலவரி வாங்கியபோது இந்தப் பழைய பொருள் அச்சாகப் பொருந்தியது. அதற்கு நாம் முதலில் ஜில்லா என்றோம். அரபியில் பக்கம், விலா என்ற பொருளில் இருந்து, பாரசீகம் வழியாக வந்த சொல். அப்புறம் தமிழாக்கி மாவட்டம் என்றோம். தாலுகா வட்டம் என்றால், அதைவிடப் பெரியது மா வட்டம். சுத்தமான ஆக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இங்கிலீஷில் டிஸ்டிரிக்ட் அங்கேயே நிற்கவில்லை. அமெரிக்க நகரங்களில் அது தளர்ந்துபோய், துணிக்கடைகள் மிகுந்த தெருக்கள், நாடகக் கொட்டகைத் தெருக்கள், வங்கிகள் இருக்கும் தெருக்கள் எல்லாமே டிஸ்டிரிக்ட் ஆகிவிட்டன. நம் மாவட்டம் அப்படித் தளரவே இல்லை. அது ஆபீசுக்காகப் பிறந்து, ஆபீசிலேயே வளர்ந்த சொல். மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர், எஸ்.பி., திங்கட்கிழமை மனு நாள், வண்டியின் பதிவு எண் என்று வரிசையாக நினைவுக்கு வரும். இரண்டு சொற்களும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவைதான். ஒன்று ஊர் சுற்றப் போய்விட்டது, மற்றது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அகராதியில் இரண்டும் ஒன்று என்று போட்டிருப்பதை நம்பி மொழிபெயர்த்தால் என்ன ஆகும்?

ஹூஸ்டன் நகரத்தின் தியேட்டர் டிஸ்டிரிக்ட், நடுநகரில் 17 பிளாக்குக்குள் (நாலு தெருக்களுக்கு நடுவே அடங்கும் மனைத் திட்டு ஒரு பிளாக்) அடங்கிவிடும். நடந்தே சுற்றிவிடலாம். அதை 'நாடக மாவட்டம்' என்று எழுதினால் தமிழ் வாசகன் மனதில் திருவள்ளூர் அளவுக்கு ஒன்று விரிகிறது. டெக்சஸில் நம் மாவட்டத்துக்கு நிகரானது கவுன்ட்டி. அப்படி 254 கவுன்ட்டிகள் அங்கே உண்டு. சான் பிரான்சிஸ்கோ கதை இன்னும் மோசம். அந்த நகரமே ஒரு கவுன்ட்டி. அதற்குள் மிஷன் டிஸ்டிரிக்ட் என்ற பகுதி. அதற்குள் 24ஆம் தெருவை ஒட்டிய காயே 24 லத்தீனோ கல்ச்சுரல் டிஸ்டிரிக்ட் (காயே என்றால் ஸ்பானிய மொழியில் தெரு). சித்தப்பா படித்தது இதைத்தான். மொழிபெயர்ப்பாளர் கணக்கில் மாவட்டத்துக்குள் மாவட்டம், அதற்குள் இன்னொரு மாவட்டம்!

இதில் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. காயே 24 ஏன் அறிவிக்கப்பட்டது என்பதே இந்தச் சொல்லால் காணாமல் போகிறது. அது சுவரோவியங்களுக்குப் பேர்போன இடம். பால்மி சந்து என்று ஒன்று இருக்கிறது, அதன் சுவர்கள், வேலிகள், கராஜ் கதவுகள் எல்லாமே ஓவியம். கணினித் தொழில் கொழுத்து வாடகை ஏறியபோது, அங்கே காலங்காலமாக இருந்த லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் ரொட்டிக் கடைகளும் ஒவ்வொன்றாக இடம்பெயரத் தொடங்கின. அந்தத் தெருவைக் காப்பாற்ற எடுத்த முயற்சிகளில் ஒன்றுதான் இந்த அறிவிப்பு. முதலில் நகர நிர்வாகம் 2014இல் ஏற்றது, பிறகு மாநிலமும் ஏற்றது. 'இந்தத் தெரு எங்கள் தெரு' என்ற உணர்வுதான் அந்தப் பெயருக்குள் இருப்பது. மாவட்டம் என்ற சொல்லில் அந்த உணர்வுக்கு இடமே இல்லை. அதில் இருப்பது கோப்பு வாசனை.

இதை ஒரு மொழிபெயர்ப்பாள நண்பரிடம் சொன்னேன். சட்டென்று ஒரு கேள்வி கேட்டார்: "கல்வி மாவட்டம் இருக்கே? சுகாதார மாவட்டம் இருக்கே? அதெல்லாம் வருவாய் மாவட்டத்தோட எல்லையிலயா இருக்கு?" நல்ல கேள்விதான். ஆனால் கல்வி மாவட்டத்துக்கு ஒரு கல்வி அலுவலர் இருக்கிறார், சுகாதார மாவட்டத்துக்கும் அதிகாரி இருக்கிறார். இரண்டுமே அரசு தன் வேலைக்காக நிலத்தைப் பிரித்துக்கொண்ட பிரிவுகள். காயே 24க்கு எந்த அதிகாரி? போதாக்குறைக்கு, கலிபோர்னியாவின் அங்கீகாரம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். காலாவதித் தேதி போட்ட மாவட்டத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நண்பரிடம் நானும் ஒன்று கேட்டேன். இங்கிலீஷில் ரெட் லைட் டிஸ்டிரிக்ட் என்பதை எந்தத் தமிழனாவது 'சிவப்பு விளக்கு மாவட்டம்' என்று எழுதியிருக்கிறானா? எல்லாரும் சிவப்பு விளக்குப் பகுதி என்றுதான் எழுதுகிறோம். அந்த இடத்தில் மட்டும் நம் மூளை ஒழுங்காக வேலை செய்கிறது. கலை என்று வந்தால்தான் அகராதியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நண்பர் பேச்சை மாற்றிவிட்டார்.

சரி, மாவட்டம் வேண்டாம் என்றால் வேறென்ன? சிலர் 'பண்பாட்டு மண்டலம்' என்கிறார்கள். இது இன்னும் பெரிய வட்டம். தொண்டை மண்டலம், சோழ மண்டலம் என்று நாடளவுக்கு விரிந்த சொல் அது. 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்தார்களே, அதில் பல மாவட்டங்கள் அடக்கம். பதினேழு பிளாக்கை மண்டலம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தவிர, கலைத் துறையில் அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் மண்டலக் கலை பண்பாட்டு மையங்களை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு ஒரு காலத்தில் 'கலைப்பேட்டை' மேல் கண் இருந்தது. கிண்டியில் 1958இல் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தபோது அதைத் தொழிற்பேட்டை என்று தமிழாக்கினார்கள். எவ்வளவு அழகான ஆக்கம்! எஸ்டேட் என்றதும் பண்ணை, சொத்து என்று அகராதியில் தேடிப் போகாமல், சந்தையும் தொழிலும் கூடும் இடத்துக்கு நம்மிடம் என்ன பெயர் இருக்கிறது என்று யோசித்திருக்கிறார்கள். சைதாப்பேட்டையும் உளுந்தூர்பேட்டையும் காதில் இருந்திருக்கும். ஆனால் தொழிற்பேட்டை அரசு மனை பிரித்துக் கட்டிக் கொடுப்பது. இங்கே இடம் முன்பே இருக்கிறது, அரசு பிறகுதான் வருகிறது. அதனால் கலைப்பேட்டையை மனசில்லாமல்தான் கைவிட்டேன். காலி மனையில் அரசே கலைஞர்களைக் கொண்டுவந்து குடிவைத்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது வட்டாரம். 'அந்த வட்டாரத்துலயே அவரை மாதிரி மேளக்காரர் கிடையாது' என்கிறோம். வட்டார வழக்கு என்கிறோம். அந்தச் சொல்லில் மண்ணும் மனிதரும் பேச்சும் சேர்ந்தே வருகின்றன. தமிழ்நாட்டில் வட்டார வளர்ச்சி அலுவலர் இருக்கிறாரே, அதுவும் ஆபீஸ் சொல்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆபீஸ் அதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் மக்கள் வாயிலிருந்து அதைப் பிடுங்கவும் இல்லை. இலங்கையில் உள்ளூராட்சி மன்றத்தின் வார்டுக்கு வட்டாரம் என்றே பெயர், அளவும் சிறியது. சிங்கப்பூர்த் தமிழர்களுக்குத் தேக்கா வட்டாரம் (லிட்டில் இந்தியா பகுதி) சரளமான பேச்சு. அங்கே லிட்டில் இந்தியாவும் கம்போங் கிளாமும் 1989இல் அரசால் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டவை, ஆகவே விஷயமும் கிட்டத்தட்ட இதேதான்.

எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவர்கள் பாரிஸ் தமிழர்கள். அந்த நகரத்தின் 20 பிரிவுகளுக்குப் பிரெஞ்சில் அரோந்திஸ்மான் என்று பெயர், 'வட்டமாக்கு' என்ற வினையிலிருந்து வந்தது. ஈழத்திலிருந்து போனவர்கள் அதைப் பத்தாம் வட்டாரம், பதினெட்டாம் வட்டாரம் என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். பொருளும் சரி, வட்டமும் சரி. எந்தக் குழுவும் கூடி முடிவு செய்த மாதிரி தெரியவில்லை.

முன்னொட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலாச்சாரம் இன்று பாதிக்குப் பாதி காவல் துறைச் சொல்லாகிவிட்டது. யார் என்ன உடுத்தலாம், யார் யாரோடு பூங்காவில் உட்காரலாம் என்று சொல்ல வருகிறவர்கள் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். 'கலாச்சார மாவட்டம்' என்றால் உள்ளே நுழைய வேட்டி கட்டாயமோ என்று தோன்றுகிறது. பண்பாடு என்ற சொல் ரசிகமணி டி.கே.சி. ஆக்கியது என்பார் தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை. கல்ச்சர் என்பதன் லத்தீன் மூலத்துக்கு உழுது பயிரிடுதல் என்று பொருள், நாமும் நிலத்தைப் பண்படுத்துகிறோம். இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஆகவே காயே 24 பண்பாட்டு வட்டாரம். வெறும் அரங்குகளும் ஓவியக் கூடங்களும் உள்ள இடம் என்றால் கலை வட்டாரம் போதும்.

அந்த 'நியமிக்கப்பட்டது'? நியமிப்பது ஆளை. தாசில்தாரை நியமிக்கலாம், தெருவை எப்படி நியமிப்பது? அறிவிக்கப்பட்டது என்றால் வேலை முடிந்தது. இதே ரகத்தில் இன்னொன்று: 'அருங்காட்சியகம் இங்கிருந்து மூன்று தொகுதிகள் தள்ளி இருக்கிறது' என்று ஒரு பயணக் குறிப்பில் படித்தேன். பிளாக் என்பது தொகுதியாகிவிட்டது. மூன்று தொகுதி தள்ளி என்றால் மூன்று எம்.எல்.ஏ.க்களைக் கடந்து போக வேண்டுமே! இயந்திரம் செய்கிறது என்று சமாதானம் சொல்கிறார்கள். இயந்திரம் போட்டதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க ஆள் இல்லையா?

சித்தப்பாவுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. ரோட் தீவு மாநிலத்தின் கதையை மட்டும் சொன்னேன். அங்கே முதலில் சில ஊர்களில் எல்லை போட்டு, அதற்குள் விற்கும் கலைப்படைப்புகளுக்கு விற்பனை வரி இல்லை என்றார்கள். 2013 டிசம்பர் முதல் அந்தச் சலுகையை மாநிலம் முழுவதற்கும் விரித்துவிட்டார்கள். அமெரிக்காவிலேயே சின்ன மாநிலம் அது, நிலப்பரப்பில் நம் தஞ்சாவூர் மாவட்டத்தைவிடச் சிறியது. அதை யாராவது கலை மாவட்டம் என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். "அப்போ அதுலயும் கும்பகோணம் தஞ்சாவூருக்குள்ளதான்" என்றார் சித்தப்பா.