‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ தமிழில் என்ன? கொழும்பிலிருந்து ஒரு சொல் விளக்கம்

கொழும்பின் பழைய பகுதிகளைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும் எல்லோரும் ஓர் இடத்தில் முட்டிக்கொள்வார்கள். வசதியானவர்கள் வந்து குடியேற, பழைய குடியிருப்பாளர்கள் வெளியேற நேர்வது: ஆங்கிலத்தில் ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பெரும்பாலானோர் ‘நகர மேம்பாடு’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அது பிழை என்பதைவிடத் தப்பித்துக்கொள்ளல் என்றுதான் சொல்வேன். மேம்பாடு என்றால் எல்லாருக்கும் நல்லது நடந்ததாகத்தானே அர்த்தம்? அந்த ஆங்கிலச் சொல்லோ, யாரோ ஒருவர் வீட்டை விட்டுப் போனதைச் சொல்வதற்காகவே உண்டாக்கப்பட்டது.

உண்டாக்கியவர் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறியவர். லண்டன் நகரின் மாற்றங்களைப் பற்றி 1964இல் வெளிவந்த ஒரு கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில் இந்தச் சொல்லைப் போட்டார். தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதிகளில் இருந்த சின்ன வீடுகளையும், ஒருகாலத்தில் குதிரை லாயமாக இருந்து பிறகு வீடாக மாறிய ‘மியூஸ்’களையும் நடுத்தர வர்க்கத்தினர் ஒவ்வொன்றாக எடுத்தார்கள், திருத்தினார்கள், விலை ஏறியது. ஒரு பகுதியில் இது தொடங்கிவிட்டால் பழைய குடியிருப்பாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெளியேறி, அந்த இடத்தின் சமூகக் குணமே மாறும்வரை நிற்காது என்பது அவர் கண்டது. இந்தக் ‘குணம்’ என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரும் கூரையும் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் ஆட்கள் மாறுவதுதான் அவருடைய விஷயம்.

சொல்லில் கொஞ்சம் கிண்டலும் இருக்கிறது. ‘ஜென்ட்ரி’ என்றால் பிரபுக்களுக்கு அடுத்த படியில் இருந்த நிலவுடைமைக்காரர்கள். லண்டன் தெருக்களுக்குப் புதிதாக வந்தவர்களோ மாதச் சம்பளக்காரர்கள். அவர்களைப் போய் ‘ஜென்ட்ரி’ என்றது குத்தலாகத்தான். அந்தச் சொல்லும் ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து இல்லை. பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் ‘கென்ஸ்’ வரை போகிறது. கென்ஸ் என்றால் ஒரே மூதாதையின் வழிவந்த கூட்டம். நல்ல கென்ஸில் பிறந்தவர் என்பதிலிருந்துதான் ‘ஜென்டில்’, ‘ஜென்டில்மேன்’, ‘ஜென்ட்ரி’ எல்லாமே கிளைத்தன.

லத்தீன்காரரின் கென்ஸுக்கு நேரான சொல் நம்மிடம் பேச்சிலேயே இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் போனால் “நீங்கள் என்ன குடி?” என்று இன்றும் கேட்பார்கள். அங்கே குடி தாய்வழியில் வருவது. கோயில் உரிமைகள்கூடக் குடிப்படி பிரிந்திருக்கும். தமிழின் ‘குடி’க்கு இன்னொரு பக்கமும் உண்டு. குடியிருப்பு, குடிபுகுதல், குடிபெயர்தல், குடியேற்றம். வம்சத்துக்கும் வசிப்பதற்கும் ஒரே சொல். ‘இன்ன கூட்டத்தார் இங்கே வசிக்க வந்தார்கள்’ என்பதுதானே நாம் தேடுகிற பொருள்? அதற்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் வாகாக அமைகிறது.

ஆகவே என் தெரிவு ‘மேட்டுக்குடியாக்கம்’. ‘கனவான்மயமாதல்’ என்றும் சொல்லலாம். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் கனவான் என்றால் இன்று கோட்டு போட்ட பழைய படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. வேகமாக வாசித்தால் கனவு காண்பவன் என்றும் தோன்றும். ‘மேல்தட்டுமயமாதல்’ என்றால் பொருள் தெளிவு, ஆனால் அதில் வீடும் இல்லை, ஊரும் இல்லை. மேட்டுக்குடி நம் எல்லோருக்கும் தெரிந்த சொல், அதோடு கொஞ்சம் குத்தலும் அதில் இருக்கிறது. ரூத் கிளாஸின் கிண்டலைத் தமிழுக்குக் கொண்டுவர அதுவே போதும்.

சரி, கொழும்புக்கு வருவோம்.

மேட்டுக்குடி என்ற சொல்லில் உள்ள ‘மேடு’ இந்த நகரத்தில் ஒரு வேடிக்கை காட்டுகிறது. உண்மையான மேடுகள் வடக்கே இருக்கின்றன. புதுக்கடை நீதிமன்றங்கள் இருக்கும் மேடு, அதற்கு அப்பால் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டிய வொல்ஃபெண்டால் தேவாலயம் நிற்கும் மேடு. ஒருகாலத்தில் ஒல்லாந்த அதிகாரிகளும், ஐரோப்பிய வழிவந்த பறங்கியரும், பிறகு ஆங்கிலேயரும் பெரிய வீடுகள் கட்டி வாழ்ந்தது கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம் பக்கம்தான். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வேலை தொடங்கியது. கப்பல் பெருகியது, நிலக்கரித் தூசி பறந்தது, பண்டகசாலைகள் நெருங்கி வந்தன. பெரிய வீட்டுக்காரர்கள் தெற்கே கறுவாத்தோட்டத்துக்கு நகர்ந்தார்கள். காலியான வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. வளவுகளில் வரிசையாக லைன் வீடுகள் எழுந்தன. ஒரு குழாய்க்கும் ஒரு கழிவறைக்கும் பத்துப் பதினைந்து குடும்பம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் அங்கேதான் தங்கினார்கள்.

இதற்குக் கொழும்புத் தமிழ் வைத்த பெயர் ‘தோட்டம்’. சிங்களத்தின் ‘வத்த’ என்பதன் நேர்ப்பெயர். யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும். மலையகத்தில் தேயிலை. கொழும்பு வடக்கில், நெருக்கியடித்த வீட்டு வரிசை. இதே நகரத்தில் கறுவாத்தோட்டமும் இருக்கிறது, வாழைத்தோட்டமும் இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே மாதிரிப் பிறந்தவை: ஒன்று ஒல்லாந்தர் காலத்தில் கறுவா நின்ற நிலம், மற்றது வாழை நின்ற நிலம். இன்றைக்கு ஒன்று தூதரகங்களும் மாளிகைகளும் உள்ள கொழும்பு 7. மற்றதன் பெயரை வேலைக்கான நேர்முகத்தில் சொல்லத் தயங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், ‘முடுக்கு’. தமிழில் அது வெறும் ஒடுங்கிய சந்து. சிங்களப் பேச்சில் அதே ஒலியுள்ள சொல் சேரியைக் குறிக்கும், வசவாகவும் விழும்.

வடக்குக் கொழும்பில் நடந்தது மேட்டுக்குடியாக்கம் இல்லை, நேர் எதிர். மேட்டுக்குடி கழன்றுபோனது. இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய பகுதிகள் எல்லாமே வறுமையிலிருந்து செழிப்புக்குத்தான் போகும் என்று லண்டனை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

லண்டனில் நடந்தது இங்கே ஏன் அப்படியே நடக்கவில்லை? சட்டம் ஒரு காரணம். 1972இன் வாடகைச் சட்டம் பழைய குடியிருப்பாளரை இலகுவில் எழுப்ப முடியாதபடி செய்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு உச்சவரம்பு போட்டது. தோட்டங்களில் வாடகைக்கு இருந்த பலர் அதன் வழியாக வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். ஆகவே பணக்காரர் ஒருவர் வந்து ஒரு வீட்டை வாங்கி வெள்ளையடித்துக் குடிபுகும் கதைக்கு இங்கே இடம் குறைவு. மாற்றம் வந்தபோது மொத்தமாக வந்தது, அரசின் கையால் வந்தது.

கொம்பனித்தெருவைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதை நெடுங்காலம் அடிமைத் தீவு (ஸ்லேவ் ஐலண்ட்) என்று அழைத்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை அங்கே வைத்திருந்ததால் வந்தது. பிறகு மலாய்ப் படையினரின் குடும்பங்கள். மலே வீதி, ஜாவா லேன், ரைபிள் வீதி என்று தெருப்பெயர்களிலேயே அந்த வரலாறு கிடக்கிறது. அங்கே ஒரு மியூஸ் வீதியும் உண்டு. ரூத் கிளாஸ் எழுதிய லண்டன் மியூஸ்களைத் திருத்திக் குடிபுகுந்தார்கள். கொழும்பின் மியூஸ் வீதியில் 2010 மே மாதம் வீடுகளை இடித்தார்கள். அதே ஆண்டில்தான் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. நகரத்தில் ஏறக்குறைய 68,000 குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றுவது திட்டம். தெமட்டகொடை, வனாத்தமுல்லை, மட்டக்குளி என்று அடுக்கடுக்காக எழுந்த கட்டடங்களில் ஒரு வீடு பெரும்பாலும் 400 சதுர அடி அளவு. அந்தக் குடும்பங்கள் விட்டுப்போன நிலம் நகரத்தின் விலையுயர்ந்த நிலம். இன்று கொம்பனித்தெருவில் அண்ணாந்து பார்த்தால் ஆடம்பரக் கோபுரங்கள்; அவற்றை வாங்கியவர்களில் எத்தனை பேர் அங்கே விளக்குப் போட்டு வாழ்கிறார்கள் என்பது இரவில் பார்த்தால் தெரியும்.

இதனால்தான் ‘ஆதல்’ வேண்டாம், ‘ஆக்கம்’ என்கிறேன். ஆதல் தானாக நடப்பது, பழம் கனிவது மாதிரி. ஆக்கத்தில் ஆக்குகிறவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் குடும்பங்களை வண்டியில் ஏற்றித் தொடர்மாடிக்குக் கொண்டுபோகும் அந்தச் செயலை மட்டும் சொல்வதானால் ‘குடியகற்றல்’ என்றே எழுதுங்கள். அகற்றிய நிலத்தில் பின்னால் யார் வந்தார்கள் என்பதற்கு மேட்டுக்குடியாக்கம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பத் தேவையில்லை.

கடைசியாக வெள்ளவத்தை. தமிழர் காதுக்கு வெள்ளை என்று கேட்கும், ஆனால் சிங்களத்தில் அது மணல் தோட்டம். இங்கேயும் ஒரு தோட்டம்! காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் லேன்களில் மாமரம் நின்ற ஓட்டு வீடுகள்தான் முன்பு. 1983க்குப் பிறகும், போர்க்காலம் முழுவதும், வடக்கிலிருந்து வந்தவர்களும் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய பிள்ளைகளும் இதைத் தொடர்மாடிகளின் ஊராக்கினார்கள். இதையும் மேட்டுக்குடியாக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் உடன்படுவதில்லை. ஓட்டு வீட்டில் இருந்தவரும் நடுத்தர வர்க்கம், மாடியில் வந்தவரும் அதே வர்க்கம், பல இடங்களில் அதே சொந்தம். இங்கே மாறியது உயரமும் நெருக்கமும்.

ஆனாலும் அந்த ஓட்டு வீடுகளின் பின்பக்கத்து அனெக்ஸ்களில் வாடகைக்கு இருந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்த வாதம் செல்லாது. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஒருநாள் அம்மா சந்தையிலிருந்து வந்து, “வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிப்போட்டார்” என்று பையை வைத்தா. மூன்று மாதம் தவணை. வத்தளைப் பக்கம் போனோம். நம்மவர் வாயில் உள்ள சொல் அதுதான், எழும்புதல். கலைச்சொல் தேடுகிறவர்கள் அதையும் குறித்து வைத்துக்கொள்ளலாம். அந்த வளவில் இப்போது எட்டு மாடி நிற்கிறது. மாமரம் இல்லை. வாசல் பலகையில் கட்டடத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள், கடைசிச் சொல் ‘கார்டன்’.