பாறை ஸ்பீக்கர் நனைந்து கெடாது, ஆம்ப்தான் கெடும்

பாறை, காளான், பூந்தொட்டி வடிவத்தில் தோட்ட ஸ்பீக்கர் வாங்குபவர்கள் முதலில் கேட்பது, மழைக்குத் தாங்குமா என்றுதான். நல்ல மாடல்கள் தாங்கும். அடி வாங்குவது ஹாலில் இருக்கும் ரிசீவர், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்).

8 ஓம்ஸ் பாறை இரண்டை ஒரே சேனலில் பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம்ஸ். நான்கு கொடுத்தால் 2. ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப் அதிக கரன்ட் தள்ள வேண்டியிருக்கும். ரிசீவரில் ‘ஏ’, ‘பி’ என்ற ஸ்பீக்கர் பட்டன் இரண்டையும் ஆன் செய்தால் ஹால் ஸ்பீக்கரும் இதோடு சேர்ந்துகொள்ளும். வால்யூமைக் கூட்டியதும் ஆம்ப் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே புரொடக்‌ஷனில் நிற்கும். ஆறவிட்டு மறுபடி மறுபடி ஓட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டரே போய்விடும்.

சேனலுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால் 100 வோல்ட் லைன் ஆம்ப் (பல ஸ்பீக்கரை ஒரே நீள ஒயரில் ஓட்டும் வகை) தனியாகப் போடுங்கள். ரிசீவரின் ஸோன் 2 ப்ரீ-அவுட்டிலிருந்து (இன்னொரு ஆம்புக்குச் சிக்னல் மட்டும் தரும் சாக்கெட்) சிக்னல் எடுக்கலாம். 10 வாட் டேப்பில் (ஸ்பீக்கர் எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நிலை) எட்டுப் பாறை என்றால் 80 வாட். 120 வாட் ஆம்ப் தாராளம். டேப் ஸ்விட்ச் உள்ள மாடலில் கவனம் வேண்டும். 100 வோல்ட் டேப்பை வீட்டு ஆம்பில் மாட்டினால் சத்தம் முனகலாகத்தான் வரும். 8 ஓம்ஸ் நிலையில் விட்டு 100 வோல்ட் லைனில் மாட்டினால் ஸ்பீக்கரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கருகிவிடும்.

அடுத்தது ஒயர். 20 மீட்டர் தூரத்துக்குப் போக வர 40 மீட்டர் செம்பு. 0.75 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் அதுவே ஏறக்குறைய 1 ஓம். 2.5 போட்டால் 0.3 சொச்சம்தான். மண்ணுக்கடியில் பி.வி.சி. பைப்புக்குள் விடுங்கள், கரன்ட் ஒயரோடு ஒரே பைப்பில் வேண்டாம். ஜாயின்ட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி மண்ணில் புதைப்பதுதான் அதிகம் பார்க்கும் தப்பு. ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறி உள்ளேயே செம்பு பச்சை பூத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஜெல் நிரப்பிய கனெக்டர் போடுங்கள். பள்ளத்தை மூடும் முன் ஆம்ப் முனையில் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். ஒற்றை 8 ஓம்ஸ் பாறை 6, 7 காட்டும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட்.

பேஸ் வரவில்லை என்று புகார் வந்தால் முதலில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா பாருங்கள். சரியாக இருந்தால், திறந்தவெளியில் சுவரின் உதவி கிடையாது, அவ்வளவுதான். பாறையைச் சுவரோரம் நகர்த்தினால் கொஞ்சம் கூடும். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். அதனால் ஒன்றை அலறவிடுவதைவிட, உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் நாலைந்தை மெதுவாகப் பாடவிடுவது மேல். முகம் வீட்டுப் பக்கம் இருக்கட்டும்: இந்திய விதிப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் வரம்பு 45 டெசிபல்தான்.