இமைமுடியை நீளச்செய்யும் மாத்திரை

மேலூருக்கு அருகே நெல் பயிரிடும் என் சின்னம்மா, நுரையீரல் புற்றுநோய்க்காக எர்லோடினிப் மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில், இமைமுடிகள் நீண்டு சுருண்டு கண்ணைக் குத்துவதாகச் சொன்னார். புற்றுநோய் மருந்து என்றாலே முடி கொட்டும் என்று கேட்டுப் பழகிய வீட்டாருக்கு இது விளங்கவில்லை.

பழைய கீமோதெரபி, வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் தாக்கும். எர்லோடினிப், ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்றவையோ செல்லின் மேற்பரப்பில் நின்று ‘பெருகு’ என்ற கட்டளையை வாங்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஒரே ஏற்பியை அடைக்கின்றன. சிலவகை நுரையீரல் புற்றுநோயில் மரபணு மாற்றத்தால் அந்த ஏற்பி ஓயாமல் இயங்குகிறது. ஆனால் அதே ஏற்பி கருவிழியின் மேற்படலத்திலும், இமைமுடியின் வேரிலும், இமையோர எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இயல்பாகவே இருக்கிறது.

உண்மையில் இந்த ஏற்பிக்குக் கட்டளை தரும் வளர்ச்சிக் காரணி என்ற புரதம் முதன்முதலில் வெளிப்பட்டதே கண்ணின் வழியாகத்தான். அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, சுமார் இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்தன. அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்ததை அவர் 1962-இல் வெளியிட்டார், 1986-இல் நோபல் பரிசு பெற்றார். முடி வளர்வதை நிறுத்தி ஓய்வு நிலைக்குச் செல்வதற்கும் இந்தச் சமிக்ஞை தேவைப்படுவதால், அது தடைபட்டதும் இமைமுடி நிற்காமல் வளர்கிறது.

முடியைவிடக் கவலைக்குரியது கருவிழி. அதன் மேற்படலம் ஏறக்குறைய வாரத்துக்கொரு முறை புதுப்பிக்கப்படுகிறது. கீறல் விழுந்தால் அருகிலுள்ள செல்கள் இதே சமிக்ஞையைக் கேட்டு நகர்ந்து வந்து மூடுகின்றன. மருந்து அந்தப் பழுதுபார்ப்பைத் தாமதப்படுத்துகிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் அழன்று கண்ணீரும் விரைவில் உலர்கிறது. மதுரை மாவட்டத்தில் 1993-இல் லட்சம் பேருக்கு 113 பேர் என்ற அளவில் கருவிழிப் புண் ஏற்பட்டதாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. உமியும் நெல்சுணையும் பட்ட சிறு கீறலில் பூஞ்சை புகும் இந்த வட்டாரத்தில், ஆறத் தாமதிக்கும் கருவிழியோடு களத்தில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதை மாத்திரை தரும்போதே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மற்ற புற்றுநோய் மாத்திரைகள் வேறு விதமாகக் கண்ணைத் தொடுகின்றன. இமாடினிப் உண்பவர்களுக்குக் கண்ணைச் சுற்றி வீங்கி நீர் வடியலாம். டிராமெடினிப் விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கச் செய்யலாம். அளவைக் குறைத்தாலோ நிறுத்திவைத்தாலோ அது பெரும்பாலும் வற்றிவிடுகிறது. கிரிசோடினிப் உண்பவர்கள் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது ஒளிக்கோடுகளைக் காண்பதுண்டு.

கண் உறுத்துகிறது என்று தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விடுவதும், வீட்டில் மிஞ்சிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஊற்றுவதும் கூடாது. ஸ்டீராய்டு பூஞ்சைப் புண்ணை மோசமாக்கும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதும் தவறு. கண் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைக் காட்டினால் போதும், அவர் எதைத் தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சின்னம்மாவுக்கு இமைமுடியைக் கத்தரித்து, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்; இந்த அறுவடைக்கு அவர் கண்ணாடி அணிந்துதான் நெல் தூற்றினார்.