தொட்டியில் எதை எதோடு விடுவது?

கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் செதில் உரிந்து, உள்ளே சிவந்து தெரிகிறது. "என்ன மருந்து போடலாம் சார்?" மீன் வளர்ப்பவர்களிடமிருந்து மழை, வெயில் பார்க்காமல் எனக்கு வந்துகொண்டே இருக்கும் படம் இது. தொட்டியில் சக்கர் மீன் (வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு மீன்) இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டால் பதிலும் மாறுவதே இல்லை: "ஆமா, கிளீனிங்குக்கு ஒண்ணு விட்டிருக்கோம்."

முதலில் அந்தச் சக்கரை வெளியே எடுங்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள். கோல்டு ஃபிஷ் மட்டும் இருக்கும் தொட்டி என்றால், அயோடின் கலக்காத கல் உப்பை லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரை தனியாகக் கரைத்து, ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். புண் ஆழமாக இல்லாவிட்டால் இதுவே போதும். சக்கரை உள்ளேயே வைத்துக்கொண்டு நீல மருந்தும் மஞ்சள் மருந்தும் ஊற்றினால் கடைக்காரருக்கு மட்டும்தான் லாபம்.

"டேங்க் கிளீனர்" என்று 2 அங்குலக் குட்டியாக விற்கப்படும் இந்த மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ, போக மாட்டேன் என்கிறது. தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். மற்ற மீன்களின் கழிவை சக்கர் தின்னாது. குட்டியாக இருக்கும்போது கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டும், அவ்வளவுதான். வீட்டுத் தொட்டியில் பாசி சில நாளில் தீர்ந்துவிடும். "அதுதான் கழிவைத் தின்னுமே" என்று தனித் தீனியும் யாரும் போடுவதில்லை. அகலமான உடம்போடு, மெதுவாக நீந்தி, இரவில் அடியில் ஓய்வெடுக்கும் மீன் கோல்டு ஃபிஷ். அதன் தோலில் உள்ள வழவழப்பு பசித்த சக்கருக்கு நல்ல தீனி. விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள்: கோல்டு ஃபிஷ் உடம்பை உதற, பக்கவாட்டில் கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டை மீன்களுக்கும் இதே கதிதான்.

இன்னொன்று, அது அள்ளுவதைவிடப் போடுவது அதிகம். சக்கர் இருக்கும் தொட்டியின் அடியில் நூல் நூலாகக் கிடப்பது அதன் கழிவுதான். ஒழுங்காக வளர்ந்தால் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். உங்கள் 2 அடித் தொட்டியின் அகலமே 30 சென்டிமீட்டர். அது திரும்புவது எப்படி? அந்த நிலை வந்ததும் பலர் செய்வது பக்கத்து ஏரியில் விடுவது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்று நீர்நிலைகளில் இது பெருகிக் கிடக்கிறது. கரையைக் குடைகிறது, முள்ளால் வலையைக் கிழிக்கிறது, பிடித்தாலும் விலை போவதில்லை. ஏரியில் மட்டும் விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே சும்மா கொடுத்துவிடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

கண்ணாடி பச்சையாகிறதா? விளக்கை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள், ஜன்னல் வெயில் படும் இடத்திலிருந்து தொட்டியை நகர்த்துங்கள், புது ஸ்பாஞ்சால் வாரம் ஒருமுறை துடையுங்கள், கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். அதற்கு ஒரு மீன் தேவையில்லை.

அடுத்து, "கடையில எல்லாம் ஒரே தொட்டியிலதானே இருந்துச்சு?" இருந்தது. எல்லாம் குட்டிகள். சில நாளில் விற்றுப் போகிறவை. நெரிசலில் எந்த மீனும் தனக்கென்று இடம் பிடிக்க முடியாது. உங்கள் வீட்டில் ஆறு மாதத்தில் ஏஞ்சல் உள்ளங்கை அளவு ஆகும், நியான் டெட்ரா அதே ஒன்றரை அங்குலத்தில் நிற்கும். பிறகு ஒரு காலை எண்ணிப் பார்த்தால் நியான் குறையும். செத்துப்போய் ஃபில்டரில் மாட்டியிருக்கிறதா என்று தேட வேண்டாம். வாயில் நுழைவது எதுவும் மீனுக்குத் தீனிதான்.

ஆகவே வாங்கும்போது "வளர்ந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஷார்க் என்ற பெயரில் விற்கும் சாம்பல் நிறக் குட்டிகள் பல, மீன் கடையில் பாசா என்று முள்ளில்லாத் துண்டாகக் கிடைக்கும் அதே பங்காஸ் மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. சில்வர் ஷார்க்கும் 30 சென்டிமீட்டர் வரை போகும். தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்பது பொய். தண்ணீர் கெட்டு வளர்ச்சி குன்றுவதைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

டைகர் பார்ப்பை ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் இருக்கும் தொட்டியில் விடவே கூடாது. நீளத் துடுப்பைக் கண்டால் கடிக்கும். இரண்டு மட்டும் வாங்கினால் தொல்லை இன்னும் அதிகம். 8க்குக் குறையாமல் இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு திரியும். ஆண் ஃபைட்டர் தொட்டிக்கு ஒன்றுதான். கப்பி ஆணின் வாலைப் பார்த்தும் சில ஃபைட்டர்கள் சீறும். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் இரண்டும் பெரிதாக வளரும் முரட்டு மீன்கள், சின்ன மீன்களோடு விடாதீர்கள், ஃபிளவர்ஹார்னைத் தனியாகவே வையுங்கள்.

பலரும் கவனிக்காதது தண்ணீர். சென்னையில் பல வீடுகளில் வருவது தாது உப்பு அதிகமுள்ள, கடினமான போர் தண்ணீர். அதில் கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் கொழிக்கும். நியான், ரம்மி நோஸ் டெட்ரா, டிஸ்கஸ் கேட்பது மென்மையான தண்ணீர். இரண்டு வகையையும் ஒன்றாக விட்டால் ஏதாவது ஒரு பக்கம் மெலிந்து நோயில் விழும். அதற்காக முழுக்க ஆர்.ஓ. தண்ணீரும் ஊற்றக் கூடாது. அதில் தாது உப்பு அநேகமாக இல்லாததால் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) திடீரென்று சரியும். குழாய்த் தண்ணீரோடு கலந்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 150 முதல் 200க்குள் பார்த்துக்கொள்ளுங்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் கடினத் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அது 18 முதல் 24 டிகிரியில் சுகமாக இருக்கும் மீன். டிஸ்கஸ் கேட்பது 28 முதல் 30. இரண்டையும் ஜோடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

2×1×1 அடித் தொட்டியில் மணல், கல் போக 45 முதல் 50 லிட்டர்தான் நிற்கும். போர் தண்ணீர் என்றால் ஆண் கப்பி மட்டும் 8. பெண் கப்பியும் வேண்டுமென்றால் ஓர் ஆணுக்கு 2 பெண் என்று 6 போதும். சில மாதங்களில் குட்டிகளை யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே யோசித்துவையுங்கள். மென்மையான தண்ணீர் என்றால் நியான் 10, அடியில் மேயும் மீசை மீனான கோரிடோரஸில் (சுருக்கமாக கோரி) சின்ன வகை 6. கோரிக்குக் கூர்மையான கல் ஆகாது, மீசை தேய்ந்துவிடும், நைசான மணல் போடுங்கள்.

3×1½×1½ அடி என்றால் குட்டி ஏஞ்சல் 4, ரம்மி நோஸ் 10, கோரி 6. நான்கு ஏஞ்சலில் ஓர் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் மற்ற இரண்டையும் மூலையில் தள்ளி அடிக்கும். அன்றே அந்த ஜோடியையும் மற்ற இரண்டையும் பிரித்துவிடுங்கள். அதே அளவில் கோல்டு ஃபிஷ் வேண்டுமா? வால் விரிந்த வகையில் 2 அல்லது 3. கூட வேறு எதுவும் வேண்டாம்.

தொட்டி பதப்பட்ட பிறகுதான், அதாவது ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளர்ந்த பிறகுதான், மீன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். டெட்ரா, கோரி முதலில். இரண்டு வாரம் கழித்து ஏஞ்சல் மாதிரி இடம் பிடிக்கும் மீன்கள். புது மீனை விடும் இரவு தொட்டி விளக்கை அணைத்தே வையுங்கள். இரண்டு வாரம் தனி டப்பில் வைத்து, வெள்ளைப் புள்ளி நோய் எதுவும் வராததைப் பார்த்தபிறகு விட்டால் இன்னும் நல்லது. ஏர் பம்போடு ஒரு பிளாஸ்டிக் டப் போதும்.